குரூஸ் புக் பண்ணப் போறீங்களா? கப்பலின் சைஸைப் பார்க்கும் முன் ஒரு வகுத்தல் கணக்கு போடுங்க

"இந்த வருஷம் லீவுக்கு குரூஸ் போலாமா?" ஆபீஸ் லஞ்ச் டேபிளில் யாராவது ஒருத்தர் இப்படிக் கேட்டால் போதும், உடனே இரண்டு கட்சி உருவாகிவிடும்.

"போனா பெரிய கப்பல்லதான் போகணும். ஸ்லைடு, தியேட்டர், நீச்சல் குளம் எல்லாம் இருக்கும்" என்பது ஒரு கட்சி. "ஐயாயிரம் பேரோட லிஃப்ட்டுக்கு கியூல நிக்கவா காசு கொடுக்கிறோம்? சின்னக் கப்பல்தான் நிம்மதி" என்பது இன்னொரு கட்சி.

இரண்டு கட்சிக்கும் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: பெரிய கப்பல் என்றால் கூட்டம், சிறிய கப்பல் என்றால் அமைதி. இந்த நம்பிக்கையைக் கொஞ்சம் எண்களை வைத்துச் சோதித்துப் பார்ப்போம். வருஷத்தில் கிடைக்கும் நாலைந்து நாள் லீவையும், சேர்த்து வைத்த போனஸையும் இதில்தான் போடப் போகிறீர்கள். முதல் முறையாகக் கடலுக்கு வரும் அப்பா அம்மாவையும் ஒருவேளை கூட்டிப் போகலாம். அதனால் இந்தக் கணக்கு முக்கியம்.

ஒரே நீளம், இரண்டு உலகம்

முதலில் இரண்டு கப்பல்களை எடுத்துக்கொள்வோம்.

ஒன்று, கார்டீலியா குரூஸஸ் நடத்தும் 'எம்ப்ரஸ்'. மும்பை, கோவா, கொச்சி, சென்னை என்று இந்தியக் கரையோரம் ஓடிக்கொண்டிருக்கும் கப்பல். 1990-ல் கட்டப்பட்டது. நீளம் சுமார் 211 மீட்டர். மற்றொன்று, சீபோர்ன் நிறுவனத்தின் 'சீபோர்ன் என்கோர்'. நீளம் சுமார் 210 மீட்டர்.

துறைமுகத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் நீளத்தில் வித்தியாசமே தெரியாது. ஆனால் எம்ப்ரஸில் சுமார் 800 கேபின்கள். கேபினுக்கு இரண்டு பேர் என்றால் 1,600 பேர். என்கோரில் 300 கேபின்கள்தான், அதாவது 600 பேர்.

ஏறக்குறைய அதே அளவு கப்பலை ஒன்றில் 600 பேரும், மற்றொன்றில் 1,600 பேரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அப்படியானால் கப்பலின் அளவைவிட, அதை எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி.

அந்த வகுத்தல் கணக்கு என்ன?

எல்லா குரூஸ் கப்பலுக்கும் 'கிராஸ் டன்னேஜ்', சுருக்கமாக ஜிடி, என்று ஒரு எண் உண்டு. டன் என்றதும் எடை என்று நினைத்துவிடாதீங்க. அது கப்பலுக்குள் அடைபட்டிருக்கும் மொத்த இடத்தின், அதாவது கன அளவின் குறியீடு. இந்த எண்ணைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு ஆளுக்கு எவ்வளவு இடம் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். கேபினுக்கு இரண்டு பேர் என்ற கணக்கில்:

• ஐகான் ஆஃப் தி சீஸ்: 2,48,663 ÷ 5,610 = 44
• ஜென்டிங் ட்ரீம்: 1,50,695 ÷ 3,352 = 45
• எம்ப்ரஸ்: 48,563 ÷ 1,600 = 30
• சீபோர்ன் என்கோர்: 41,865 ÷ 600 = 70
• லெ ஜாக் கார்ட்டியே: சுமார் 10,000 ÷ 184 = 54

2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் கிளம்பிய ஐகான், அப்போது உலகின் மிகப் பெரிய குரூஸ் கப்பல். நீளம் 365 மீட்டர், 20 தளங்கள். ஜென்டிங் ட்ரீம் சிங்கப்பூரிலிருந்து ஓடுவது; இந்தியப் பயணிகள் நிறையப் பேர் ஏறும் கப்பல். லெ ஜாக் கார்ட்டியே பிரான்ஸின் போனான் நிறுவனத்துடைய சின்னக் கப்பல்.

இப்போது பட்டியலை இன்னொரு முறை பாருங்க. ஐந்து பங்கு பெரிதான ஐகானில், எம்ப்ரஸைவிட ஒரு ஆளுக்கு அதிக இடம் இருக்கிறது. "சின்னக் கப்பல், அதனால் கூட்டம் இருக்காது" என்று நினைத்து புக் செய்தால் ஏமாற வாய்ப்புண்டு. 30-க்குக் கீழே போனால் நெரிசல், 50-ஐத் தாண்டினால் தாராளம் என்பது இந்தத் துறையில் புழங்கும் தோராயமான அளவுகோல்.

ஒரு எச்சரிக்கை. இந்த எண் சராசரிதான். கேபினுக்கு இரண்டு பேர் என்ற கணக்கு பள்ளி லீவில் உடைந்துவிடும். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் ஒரே கேபினில் ஏறுவார்கள். ஐகான் முழுக் கொள்ளளவான சுமார் 7,600 பேரோடு கிளம்பினால் 44 என்பது 33 ஆகக் குறைந்துவிடும். கப்பல் அதேதான், தேதி மட்டும்தான் வேறு. மே மாதத்தில் போனவரும் பள்ளி நடக்கும் சமயத்தில் போனவரும் ஒரே கப்பலுக்கு நேர் எதிரான ரிவ்யூ எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, அப்போ அளவுக்கு வேலையே இல்லையா?

இருக்கிறது. அந்த வேலை கப்பலுக்கு வெளியே, கரையில் தெரியும்.

பெரிய கப்பலில் கப்பலே ஊர். நீங்கள் போய்ச் சேர வேண்டிய இடம் ஏறிய நிமிஷமே வந்துவிட்டது. வழியில் வரும் துறைமுகம் ஒரு போனஸ் மாதிரி. சின்னக் கப்பலில் கப்பல் ஒரு நல்ல லாட்ஜ். ஊரைக் காட்டத்தான் அது இருக்கிறது.

இது வெறும் ரசனை விஷயம் இல்லை, பல இடங்களில் சட்டமே இதைத் தீர்மானிக்கிறது.

வெனிஸ்: 2021 ஆகஸ்ட் 1 முதல் 25,000 ஜிடிக்கு மேற்பட்ட கப்பல்கள் நகரின் நடுவே ஓடும் ஜுதேக்கா கால்வாய்க்குள் வரக் கூடாது. உலகக் கணக்கில் சின்னதாகத் தெரியும் நம்ம எம்ப்ரஸுக்கே அங்கே இடமில்லை.

கலாபகோஸ் தீவுகள்: 100 பயணிகளுக்கு மேல் ஏற்றும் கப்பல்களுக்கு அங்கே சுற்றிக்காட்ட அனுமதி கிடையாது.

அண்டார்டிகா: 500 பேருக்கு மேல் ஏற்றிவரும் கப்பல் யாரையும் கரையில் இறக்க முடியாது. சின்னக் கப்பலாக இருந்தாலும் ஒரு இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேர்தான் கரையில் நிற்கலாம். 500 பேர் வரும் கப்பலில் நீங்கள் டெக்கில் காத்திருக்கும் நேரம் கரையில் இருக்கும் நேரத்தைவிட அதிகமாகலாம்.

சான்டோரினி: 2025 முதல் நாளுக்கு 8,000 குரூஸ் பயணிகள் என்று உச்சவரம்பு. பெரிய கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு, பயணிகளைச் சின்னப் படகுகளில் கரைக்கு அனுப்புகின்றன.

படகில் இறங்குவது என்றால் என்ன ஆகும்? ஒரு உதாரணக் கணக்கு. கப்பலில் 3,000 பேர் கரைக்குப் போக வேண்டும், ஒரு படகில் 150 பேர் ஏறலாம் என்று வைத்துக்கொள்வோம். 20 நடை ஆகும். 184 பேர் இருக்கும் கப்பலுக்கு இரண்டே நடை. பயணத் திட்டத்தில் இரண்டு கப்பலுக்கும் "காலை 8 முதல் மாலை 5 வரை" என்றே போட்டிருக்கும். உங்கள் கால் மண்ணில் நிற்கும் நேரம் மட்டும் வேறு வேறு. அதனால் டிக்கெட் எடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்க: "இந்த ஊரில் கப்பல் கரையை ஒட்டி நிற்குமா, படகில் இறக்கிவிடுவீங்களா?"

வாந்தி வருமா?

எல்லாரும் கேட்கத் தயங்கும் கேள்வி. பொதுவாக, நீளமும் எடையும் கூடக் கூட ஆட்டம் குறையும். புதிய பெரிய கப்பல்களில் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் துடுப்புகளும் உண்டு. சின்னக் கப்பலிலும் அவை இருக்கலாம், ஆனாலும் அலையை நீங்கள் உணர்வீர்கள். பயணத்தில் தலைசுற்றும் ஆள் வீட்டில் இருந்தால், இந்த ஒரு விஷயத்தில் பெரிய கப்பலுக்கே ஓட்டு.

ஆனால் கப்பலைவிட மாதம் முக்கியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும். 2022-ல் எம்ப்ரஸ் அந்த மாதங்களில் மும்பையை விட்டுச் சென்னைக்கு வந்து ஓடியது. எந்தக் கப்பலாக இருந்தாலும் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இருக்கும் கேபினில் ஆட்டம் குறைவு. பெரும்பாலும் விலையும் அங்கேதான் குறைவு.

விலை: எது நிஜமான மலிவு?

விளம்பரத்தில் பெரிய கப்பல்தான் மலிவாகத் தெரியும். அந்த விலை நுழைவுச் சீட்டு மாதிரி. கேபின், பொதுச் சாப்பாடு, ஷோக்கள் அதில் அடங்கும். வைஃபை, குளிர்பானம், மது, ஸ்பெஷல் ரெஸ்டாரன்ட், கரையில் சுற்றிப் பார்க்கும் டூர் எல்லாம் பெரும்பாலும் தனி.

டிப்ஸும் தனி. ராயல் கரீபியன் 2023 நவம்பரில் சாதாரண கேபினுக்கு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 டாலர் என்று நிர்ணயித்தது. இரண்டு பேர், நான்கு நாள் என்றால் 144 டாலர். இது நீங்கள் ஆசைப்பட்டுக் கொடுப்பதல்ல, பில்லில் தானாக ஏறுவது.

சொகுசுச் சின்னக் கப்பல்களில் முதல் விலையைப் பார்த்தாலே மூச்சு முட்டும். ஆனால் பானம், டிப்ஸ், சில நேரம் கரைப் பயணம் வரை உள்ளேயே அடங்கியிருக்கும். எல்லாவற்றையும் கூட்டிய பிறகும் பெரிய கப்பல்தான் மலிவாக இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் இடைவெளி விளம்பரத்தில் தெரிந்த அளவு இருக்காது. ஒப்பிடும்போது கடைசி பில்லை ஒப்பிடுங்க, முதல் விலையை வேண்டாம்.

தனியாகப் போகிறவர்களுக்கு இன்னொரு செலவு. விலை எல்லாம் கேபினுக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் போடுவதால், ஒற்றை ஆள் பல கப்பல்களில் ஏறக்குறைய இரண்டு டிக்கெட் காசு கட்ட வேண்டியிருக்கும். இந்தியாவில் வாங்கும் வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டிசிஎஸ் பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது சரிக்கட்டிக்கொள்ளலாம். ஆனால் அதுவரை அந்தப் பணம் உங்கள் கையில் இருக்காது.

அப்பா அம்மாவோடு போனால்?

முழங்கால் வலி இருப்பவருக்கு எந்தக் கப்பல்? பலரும் சின்னது என்பார்கள், நடை குறைவு என்று. பாதி சரி.

ஜென்டிங் ட்ரீமின் நீளம் 335 மீட்டர். ஏறக்குறைய 14 ரயில் பெட்டிகளை வரிசையாக நிறுத்திய நீளம். கேபின் ஒரு முனையிலும் சாப்பாட்டு ஹால் மறுமுனையிலும் இருந்தால், மூன்று வேளையும் நடந்தே அம்மா களைத்துவிடுவார். இதற்குத் தீர்வு எளிது: நடுப்பகுதியில் லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் கேபின். ஆனால் அண்டார்டிகா, கலாபகோஸ் மாதிரி இடங்களில் ஆடும் ரப்பர் படகில் கால் வைத்து இறங்க வேண்டும். அதற்கு லிஃப்ட் கிடையாது.

சாப்பாட்டிலும் பெரிய கப்பலுக்குச் சாதகம். சமையலறைகள் பல என்பதால் சைவம், ஜெயின் உணவு வரை எளிதாகக் கிடைக்கும். ஒரே சமையலறை இருக்கும் கப்பலில் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது. டாக்டர் பெரிய கப்பலில் நிச்சயம் உண்டு, பில்லும் நிச்சயம் உண்டு. குரூஸுக்கும் பொருந்தும் பயணக் காப்பீடு இல்லாமல் பெற்றோரை ஏற்றாதீங்க.

நம்ம ஊரிலிருந்து என்ன வாய்ப்பு?

உண்மையைச் சொன்னால், சென்னையிலிருந்து ஏறுபவருக்குப் பெரியதா சின்னதா என்ற தேர்வே பெரிதாக இல்லை. 2022 ஜூனில் சென்னையில் தொடங்கிய எம்ப்ரஸ் சேவை, 2023-ல் ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை போனது. 2029-க்குள் ஆண்டுக்கு 10 லட்சம் கடல் குரூஸ் பயணிகள் என்ற இலக்கோடு மத்திய அரசு 2024 செப்டம்பரில் 'குரூஸ் பாரத் மிஷன்' தொடங்கியது. அது நிறைவேறினால் தேர்வு கூடும். அதுவரை கூடுதல் தேர்வு வேண்டுமென்றால் சிங்கப்பூருக்கு விமானம் ஏற வேண்டும். அங்கே கிளம்பி அங்கேயே திரும்பும் பயணத்தில் சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். ஒருமுறை மட்டும் நுழையும் விசா போதாது.

இன்னொன்றையும் மனதில் வைங்க. பயணத் திட்டத்தில் ஒரு ஊரின் பெயர் இருப்பது உத்தரவாதம் அல்ல. 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய எம்ப்ரஸ் புதுச்சேரியில் நிற்க அந்த யூனியன் பிரதேச அரசு அனுமதி தரவில்லை. ஒரே ஒரு ஊருக்காகவே டிக்கெட் எடுக்கிறீர்கள் என்றால், ரத்து விதிகளை ஒருமுறை படித்துவிடுங்க.

கடைசியாக, மூன்று கேள்விகள்

பணம் கட்டும் முன் இந்த மூன்றுக்கும் பதில் எழுதிப் பாருங்க.

1. ஜிடியைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் என்ன வருகிறது? பள்ளி லீவு என்றால் அதிகபட்ச எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்க.

2. ஒவ்வொரு ஊரிலும் நிஜமாகக் கரையில் எத்தனை மணி நேரம்?

3. திரும்பி வந்த பிறகு எதைப் பற்றிப் பேச ஆசைப்படுகிறீர்கள், கப்பலைப் பற்றியா, ஊரைப் பற்றியா?

மூன்றாவது கேள்விக்கு "கப்பல்" என்றால் பெரியதை எடுங்க, யார் கிண்டல் செய்தாலும் கண்டுக்காதீங்க. "ஊர்" என்றால் சின்னதற்குக் காசு சேருங்க. அது இப்போதைக்குக் கட்டுப்படியாகாது என்றால், அதே பணத்தில் அந்த ஊருக்கே விமானத்தில் போய் நான்கு நாள் தங்குவது மோசமான முடிவே இல்லை.