போலீஸ் வண்டி நம்பரைக் குறித்து வைப்பது குற்றமா? சட்டம் சொல்வது என்ன?

வேப்பம்பட்டில் சி.டி.எச். ரோட்டோரம் ஒரு போலீஸ் வண்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிரைவர் சீட் பெல்ட் போடவில்லை. நம்பர் பிளேட்டில் பாதி எழுத்து தெரியவில்லை. எதிர் டீக்கடையில் நிற்பவர் செல்போனை எடுத்து ஒரு படம் பிடிக்கிறார். உடனே ஒரு அதட்டல்: "யாருப்பா நீ? எதுக்கு எடுக்குற? போனைக் குடு!"

நம்மில் பலரும் அந்த இடத்தில் படத்தை அழித்துவிட்டு, "சாரி சார்" என்று நகர்ந்துவிடுவோம். ஆனால், அப்படி அழிக்கத் தேவையே இல்லை.

நம்பர் பிளேட் யாருக்காக?

எல்லோரும் பார்ப்பதற்காகத்தான். வண்டியின் பதிவு எண் தெளிவாகத் தெரிய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். இதில் போலீஸ் ஜீப்புக்கு மட்டும் தனி விலக்கு கிடையாது. பொது இடத்தில் நிற்கும் போலீஸ் வண்டியின் எண்ணைக் குறித்து வைப்பதையோ, படம் எடுப்பதையோ தடை செய்யும் தனிச் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை.

'அரசு ரகசியம்' என்று மிரட்டினால்? காவல் நிலையத்துக்குள் வீடியோ எடுத்தவர் மீது அலுவல் ரகசியச் சட்டத்தில் போட்ட வழக்கை 2022-ல் பாம்பே உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு ஏற்கவில்லை. அந்தச் சட்டம் சொல்லும் 'தடை செய்யப்பட்ட இடம்' பட்டியலில் காவல் நிலையம் வராது என்றது. ஸ்டேஷனுக்கே அந்த நிலை என்றால், ரோட்டில் நிற்கும் ஜீப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

போனைப் பறிக்கலாமா? திருட்டுப் பொருள் அல்லது குற்றத்தோடு தொடர்புடையது என்ற சந்தேகம் இருந்தால்தான் ஒரு பொருளைக் கைப்பற்ற முடியும் (பி.என்.எஸ்.எஸ். பிரிவு 106). படம் எடுத்தது பிடிக்கவில்லை என்பது காரணம் ஆகாது.

ஆப்பில் தேடலாமா?

தாராளமாக. மத்திய அரசின் எம்பரிவாகன் ஆப்பில் எண்ணைப் போட்டால் பதிவு விவரம், இன்சூரன்ஸ், புகைச் சான்று போன்றவை வரும். உரிமையாளர் பெயர் பாதி மறைக்கப்பட்டிருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. போலீஸ் வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை என்று காட்டினால், 'மாட்டிக்கிட்டாங்க' என்று ஸ்டேட்டஸ் போட அவசரப்பட வேண்டாம். வணிக நோக்கம் இல்லாத அரசு வாகனங்களுக்குக் கட்டாய இன்சூரன்ஸிலிருந்து பிரிவு 146(2) விலக்கு தருகிறது. அதாவது, அது விதிமீறலாக இல்லாமலும் இருக்கலாம்.

சீட் பெல்ட் விஷயம் அப்படியல்ல. சாதாரண ஆளுக்கு அபராதம் 1,000 ரூபாய். 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 210பி-யின்படி, சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் பெற்றவர்களே அதை மீறினால் இரண்டு மடங்கு. ஆக, நம்ம டிரைவர் சாருக்கு 2,000 ரூபாய்.

கோடு எங்கே விழுகிறது?

நம்பரைப் பார்ப்பது வேறு, அந்த வண்டியையே துரத்துவது வேறு. ரெய்டுக்குப் போகும் வண்டி 'இப்போ இங்கே திரும்புது' என்று வாட்ஸ்அப் குரூப்பில் நேரலை கொடுத்து, அதனால் பணி தடைபட்டால் அரசு ஊழியரைத் தடுத்த குற்றம் வரலாம். பி.என்.எஸ். பிரிவு 221-ன்படி 3 மாதம் வரை சிறை, அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வண்டியில் ஜி.பி.எஸ். கருவியை ஒளித்து வைப்பது அதைவிடப் பெரிய வம்பு.

டூட்டி முடிந்து சொந்த பைக்கில் வீட்டுக்குப் போகும் காவலரைப் பின்தொடர்வதும் தவறுதான். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அவருக்கும் பொருந்தும். ஜாமீனில் வந்தவரின் நடமாட்டத்தைக் கூகுள் மேப் மூலம் போலீஸ் தொடர்ந்து கண்காணிக்கும் நிபந்தனை கூடாது என்று 2024 ஜூலையில் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நமக்கு ஒரு நியாயம், அவர்களுக்கு ஒரு நியாயம் என்று இருக்க முடியாது.

அமெரிக்காவில் இந்தச் சண்டை பெரிதாகவே நடக்கிறது. குடியேற்றத் துறை அதிகாரிகள் எங்கே இருக்கிறார்கள் என்று மக்களே பதிவிடும் 'ஐஸ்பிளாக்' ஆப்பை, அரசின் அழுத்தத்துக்குப் பிறகு 2025 அக்டோபரில் ஆப்பிள் நீக்கியது. அங்கும் மோதல், ஆட்கள் இப்போது எங்கே என்பதை ஊருக்கே சொல்லலாமா என்பதில்தான்.

ஏன் இது முக்கியம்?

கைது செய்ய வரும் போலீஸார் பெயர் தெளிவாகத் தெரியும் பேட்ஜ் அணிய வேண்டும் என்று 1996-ல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்று அது பி.என்.எஸ்.எஸ். பிரிவு 36. ஆனால், மஃப்டியில் வந்து ஒருவரை ஏற்றிக்கொண்டு போகும்போது, வீட்டாருக்கு மிஞ்சும் ஒரே அடையாளம் அந்த வண்டி நம்பர்தான். மடப்புரம் கோயில் காவலாளி 2025 ஜூனில் போலீஸ் விசாரணையில் இறந்தபோது, அவர் அடிக்கப்படுவதை ஒருவர் மறைந்திருந்து எடுத்த வீடியோ எவ்வளவு முக்கியமானது என்று தமிழ்நாடே பார்த்தது.

எனவே காவல்துறை செய்ய வேண்டியது இரண்டு. முதலில், எல்லா போலீஸ் வண்டிகளிலும் நம்பர் பிளேட் முழுசாகத் தெரிய வேண்டும். அடுத்து, பிரிவு 210பி-யில் எத்தனை பேருக்கு அபராதம் போட்டோம் என்று வருடா வருடம் வெளியிட வேண்டும். 2022-ல் புதிதாகத் தொடங்கிய ஆவடி ஆணையரகமே இதற்கு முன்மாதிரியாக இருக்கலாமே! 'போலீஸ்', 'பிரஸ்' ஸ்டிக்கர் ஒட்டிய தனியார் வண்டிகளை 2024 மே மாதம் சென்னை போக்குவரத்து போலீஸ் மடக்கியது. ஊராரின் நம்பர் பிளேட்டைச் சரிபார்க்கும் கை, தன் வண்டியின் பிளேட்டையும் ஒரு தடவை துடைத்துவிட்டால் போதும். டீக்கடைக்காரர் போனை எடுக்கவே மாட்டார்.