இரண்டு நீலங்கள்

அழிந்துவரும் உயிர்கள் என்று பேச்செடுத்தால் எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வருவது நீலத் திமிங்கலம்தான். முப்பது மீட்டர் உடம்பு, குட்டிக்குப் பால் கொடுக்கும் தாய். இரக்கம் தானாக வந்துவிடுகிறது. ஆனால் ஐ.யு.சி.என். சிவப்புப் பட்டியலில் திமிங்கலம் ‘அருகிய இனம்’தான், அதைவிட ஒரு படி மோசமாக, ‘மிக அருகிய இனம்’ என்ற இடத்தில் விரித்த கை அளவே உள்ள ஒரு நீலச் சிலந்தி இருக்கிறது. அதுவும் பக்கத்து ஆந்திராவில்.

சென்னையிலிருந்து மும்பை போகும் ரயில் பாதையில், குண்டக்கல்லுக்குச் சற்று முன்னால் வரும் ஊர் குத்தி. அங்கே ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒரேயொரு சிலந்தியை வைத்து 1899இல் போகாக் என்ற ஆங்கிலேயர் இந்த டாரன்டுலாவுக்குப் பெயர் சூட்டினார். பிறகு நூறு வருஷம் அதை யாரும் பார்க்கவில்லை. 2001இல் நந்தியால், கித்தலூர் இடையிலுள்ள காட்டில் மறுபடி அகப்பட்டது. முதல் சிலந்தி மரக்கட்டையோடு ரயிலேறி குத்திக்கு வந்திருக்க வேண்டும். டிக்கெட் இல்லாத பயணம்தான்!

உறவுமுறை பார்த்தால், இரண்டும் விலங்கு என்பதோடு சரி. திமிங்கலம் முதுகெலும்புள்ள பாலூட்டி. மற்றத் திமிங்கலங்களையும் ஓங்கில்களையும் விட்டால், இன்றிருக்கும் சொந்தங்களில் நெருக்கமானது நீர்யானை. சிலந்தியோ கணுக்காலி, தேளுக்குப் பங்காளி. நிறத்தில் மட்டும் ஒரு வேடிக்கையான ஒற்றுமை: இரண்டுமே சாயம் பூசிய நீலம் இல்லை. திமிங்கலத்தின் தோல் திட்டுத்திட்டான சாம்பல். கடல்நீருக்குள்தான் அது நீலம். சிலந்தியின் மயிர்களிலுள்ள நுண்ணிய அடுக்குகள் ஒளியைச் சிதறடிப்பதால் கால்கள் மின்னுகின்றன. மூட்டுகளில் மட்டும் மஞ்சள் பொட்டு.

1930-31 பருவத்தில் மட்டும் அண்டார்டிகாவில் ஏறக்குறைய 30,000 நீலத் திமிங்கலங்களைக் கொன்றார்கள். 1966இல் அதற்குத் தடை வந்தது. ஈட்டி ஓய்ந்ததும் மெல்லப் பெருக அதற்குப் பெருங்கடல்கள் மிச்சமிருந்தன. சிலந்திக்குத் தெரிந்த காடு நூறு சதுர கிலோமீட்டர்கூடத் தேறாது. அதிலும் அது குடியிருப்பது பொந்து விழுந்த பழைய மரங்களில். விறகுக்கு முதலில் வெட்டுப்படுவதும் அவைதான்.

அழகே இன்னொரு வினை. வெளிநாட்டில் செல்லப்பிராணியாக வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் ஏராளம். இந்தப் பேரினம் முழுவதன் பன்னாட்டு வணிகத்துக்கும் 2019இல்தான் சைட்ஸ் உடன்படிக்கை கட்டுப்பாடு போட்டது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கண்ணாடிப் பெட்டிகளில் அது குஞ்சு பொரித்துப் பெருகுகிறது. சிவப்புப் பட்டியல் அந்தப் பெட்டிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை.