வெற்றுப் பெயர்

ஹட்டனில் கணினி கற்பிக்கும் இளைய நண்பர் ஒருவர், தோட்டத்து முதியவர்களிடம் கேட்டறிந்த குடும்ப வரலாறுகளைத் தட்டச்சிட்டுக் கணினியில் சேர்த்து வருகிறார். அக்கோப்புகளை அவர் ‘கிட்’ என்னும் மென்பொருளின் பொறுப்பில் விட்டிருக்கிறார். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய இம்மென்பொருள், கோப்புகளின் ஒவ்வொரு நிலையையும் திகதி, பதிந்தவர் பெயர், ஒரு குறிப்பு ஆகியவற்றோடு காத்து வைக்கும். அவ்வாறு பதிவதற்குக் ‘கமிட்’ என்று பெயர்.

நாள்தோறும் கமிட் செய்ய மறந்துவிடுவதால், நண்பர் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினார். இரவு 11 மணிக்குக் கணினியின் ‘கிரொன்’ அதனை இயக்கும். அது மாற்றங்களைத் திரட்டி, திகதியையே குறிப்பாக இட்டுப் பதிந்து, தொலைவிலுள்ள வழங்கிக்கு ஒரு படியை அனுப்பும். “இனி எனக்கு வேலையில்லை, ஐயா” என்றார்.

முதற்பாதியை நான் மனமார வரவேற்கிறேன். ஆவணமின்மையின் விலையை மலையகத்தைப் போல் அறிந்தவர் யார்? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்றோ நிறுவுமாறு கேட்டது. லயத்து அறையில் அதற்கான கடதாசி ஏது? இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைச்சரிவுகளைப் பெயர்த்தபோது, ஒரே வீட்டில் ஒரே படியை வைத்திருப்பது எத்துணை ஆபத்து என்பதை மீண்டும் கண்டோம். மனிதன் மறப்பான், கிரொன் மறவாது.

ஆயினும் இதே ஸ்கிரிப்டுக்கு வேறொரு பயனும் உண்டு. ‘கிட்ஹப்’ தளத்தில் கமிட் செய்த நாள்கள் பச்சைக் கட்டங்களாகத் தெரியும். வேலை தேடும் இளைஞர் சிலர், அக்கட்டங்களை நிரப்புவதற்கென்றே பொருளற்ற கமிட்டுகளைத் தானாக இட வைக்கின்றனர். மாற்றம் ஏதுமில்லையெனில் கிட் இயல்பாகவே பதிய மறுக்கும். வற்புறுத்தினால் மட்டுமே வெற்றுக் கமிட்டை ஏற்கும். அந்த வற்புறுத்தலையும் ஸ்கிரிப்டில் எழுதிவிடுகிறார்கள்.

காலைப் பெரட்டுக்கு வந்து, மலையேறிக் கொழுந்து பறித்து, நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’ மட்டுமே பெற்றுத் திரும்பிய பெண்களின் பேரப்பிள்ளைகளும் இதனைச் செய்கிறார்கள் என்பதே எனக்கு உறுத்துகிறது. செக்ரோலில் ஒரு பெயர் ஒருநாள் உழைப்பின் சாட்சி. உழையாத நாளுக்குப் பெயர் போடுவது உழைத்த நாளின் பெயரையும் ஐயத்துக்குள்ளாக்கும்.

நண்பர் அத்தகையவர் அல்லர். அவருடைய இடர் வேறு. மூன்று மாதங்களின் பின் இருவரும் பதிவு வரலாற்றைப் புரட்டினோம். ஒரு மூதாட்டியின் தந்தை பிறந்த தோட்டத்தின் பெயர் ஓரிரவில் மாறியிருந்தது. தட்டச்சுப் பிழையைத் திருத்தினாரா, அம்மூதாட்டியே பின்னர் மாற்றிச் சொன்னாரா? நண்பருக்கு நினைவில்லை. மூதாட்டியும் அதற்குள் மறைந்துவிட்டார். முந்தைய பெயர், பிந்தைய பெயர், மாறிய நாள் மூன்றையும் கிட் பிசகின்றிக் காட்டியது. குறிப்பில் திகதி மட்டுமே இருந்தது. இரு பெயர்களில் எது மெய் என்பதை இனி எவரும் சொல்ல முடியாது.

பத்திரிகை அலுவலகத்தில் எங்களுக்கு முதலிற் கற்பித்த பாடம் இது: திருத்தம் செய்தால், யார் சொல்லித் திருத்தினாய் என்று ஓரத்தில் எழுது. கமிட்டின் குறிப்பும் அந்த ஓரந்தான். அதை இயந்திரத்திடம் ஒப்படைத்தால், மாறியது தெரியும். ஏன் மாறியது என்பது தெரியாது.

நண்பரிடம் நான் சொன்னது இவ்வளவே. இரவுப் பதிவு தொடரட்டும். ஆனால் அது ‘தானியங்கி’ என்ற பெயரிலேயே விழட்டும். ஒரு பெயரோ ஆண்டோ மாறும்போது மட்டும், அப்போதே நீங்களே கமிட் செய்து, யார் சொன்னார், எப்போது சொன்னார் என இரு வரி எழுதுங்கள். வாரம் ஒருமுறை வழங்கியைத் திறந்து, படி உண்மையிலேயே போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள்.

“அப்படியானால் வேலை இருக்கிறது, ஐயா” என்றார். இருக்கத்தான் வேண்டும்.