ஆங்கிலத்துக்கும் செய்முறைப் பரீட்சை வேண்டும்

ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்களுக்கான உயர்நிலைத் தேர்ச்சிப் பரீட்சையைக் கேம்பிரிட்ஜ் முதன்முதலாக நடத்தியது 1913இல். மொழிபெயர்ப்பு, ஒலியியல், கட்டுரை, இலக்கியம் என்று பன்னிரண்டு மணிநேரம். எழுதியவர்கள் மூன்று பேர், மூவரும் தேறவில்லை. பிறநாட்டு ஆங்கில ஆசிரியர்களை மனதில் வைத்துத் தொடங்கிய காரியம் இன்று வீசா அலுவலக வாசலுக்கு வந்து நிற்கிறது. லண்டனில் தாதி வேலைக்கும் மெல்போர்னில் பட்டப்படிப்புக்கும் ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையின் பெறுபேறு கேட்கிறார்கள். அதுவும் இரண்டு வருடத்தில் காலாவதி. கட்டணம் இலங்கைக் காசில் ஐம்பதாயிரத்தைத் தாண்டும். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தால், மடுல்கெல்லயில் கொழுந்து பறிக்கும் தாய்க்கு 37 முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) விழுந்தாலும் அது தீராது. ஒரு பிரிவில் அரைப் புள்ளி குறைந்தால் மறுபடியும் காசு கட்ட வேண்டும்.

கட்டணத்தைத் திட்டுவது சுலபம். ஆனால் முன்பின் தெரியாத மாணவரைச் சேர்க்கும் பல்கலைக்கழகம், விரிவுரை அவருக்கு விளங்குமா என்று கேட்பதில் தவறில்லை. பெரிய குறை நம் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தப் பரீட்சை கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்கையும் சோதிக்கிறது. 11 முதல் 14 நிமிடம் பரீட்சகரோடு பேச வேண்டும். நம் க.பொ.த. சாதாரண தர ஆங்கிலமோ பல்லாண்டுகளாக எழுத்துத் தாள்களோடு நின்றுவிட்டது. பதினோராம் தரம் வரை ஆங்கிலம் படித்த பிள்ளையை ஒரு தடவையாவது பேசவைத்துப் புள்ளி போட்ட பொதுப் பரீட்சை இல்லை. உயர்தரத்தில் 1999 முதல் பொது ஆங்கிலம் என்றொரு பாடம் இருக்கிறது. அதன் பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியில் சேராது. சேராத பாடத்துக்கு ஆசிரியர் அனுப்ப யாரும் அவசரப்படுவதில்லை, பிள்ளையும் மெனக்கெடுவதில்லை. முதல் பேச்சுப் பரீட்சையை அது சந்திப்பது இருபது வயதில், தாயின் சம்பளக் காசில்.

நக்கிள்ஸ் அடிவாரத்து விடுதிகளில் வேலை செய்யும் நம் இளைஞர்கள், கொழுந்தை வாட்டுவது, அரைப்பது, நொதிக்கவிடுவது, காயவைப்பது, சலிப்பது என்று தேயிலையின் முழுக் கதையையும் வெளிநாட்டுப் பயணிகளுக்கு ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார்கள். இதே வரிசையை வரைபடமாகக் கொடுத்து, இருபது நிமிடத்தில் 150 சொல்லில் எழுதச் சொன்னால் திணறுவார்கள். சாதாரண தரத்தில் ‘ஏ’ எடுத்த பிள்ளையோ எழுதிவிட்டு, வாய் திறக்கத் தயங்குகிறது. கண்டியில் ரியூசன் இருக்கிறதே என்பார்கள். பன்விலை, வத்தேகம வழியாக பஸ் ஏறிப் போய், இன்னொரு கட்டணம் கட்டி, பரீட்சையின் சூட்சுமங்களைப் படித்துவருவதை ஆங்கிலக் கல்வி என்று சொல்ல நம்மால் முடியவில்லை.

சாதாரண தர ஆங்கிலத்துக்குப் பேச்சுப் பரீட்சை வைக்க ஆளும் வசதியும் இல்லை என்ற பதிலையும் ஏற்பதற்கில்லை. சாதாரண தரத்தில் சங்கீதத்துக்கும் நடனத்துக்கும் செய்முறைப் பரீட்சை நடத்துகிற பரீட்சைத் திணைக்களம்தானே இது? உள்நாட்டுச் சான்றிதழை வெளியார் மதிக்கமாட்டார்கள் என்பதும் பாதி உண்மைதான். இந்தியாவின் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் புள்ளியை ஐஈஎல்டிஎஸ்ஸுக்குப் பதிலாக ஏற்கும் பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் உண்டு. மலேசியா 2021 முதல் தன் எஸ்.பி.எம். பள்ளியிறுதிப் பரீட்சையின் ஆங்கிலத்தில் கேட்டலையும் பேச்சையும் சேர்த்து நான்கு தாளாக்கிவிட்டது. நம் பேச்சுப் பரீட்சை வீசாவுக்கு உடனே உதவாமல் போகலாம். அப்போதும் ஐஈஎல்டிஎஸ் எழுதப் போகும் பிள்ளை வெறுங்கையோடு போகாது. தமிழ்ச் சிற்றிதழுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் ஒன்றை யோசிக்கட்டும்: துரைமார் காலம் தொட்டு ஆங்கிலம் பங்களாவிலேயே இருந்தது, அது லயத்துக்கு வராததால் தமிழ் ஒன்றும் வளர்ந்துவிடவில்லை.

பேச்சுப் பரீட்சை வந்தால் உச்சரிப்பை அளப்பது யார் என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். 2017இல், ஆங்கிலமே தாய்மொழியான அயர்லாந்துக் கால்நடை மருத்துவர் ஒருவருக்கு, கணினி புள்ளியிடும் பரீட்சையில் ஆஸ்திரேலிய வீசாவுக்குத் தேவையான பேச்சுப் புள்ளி கிடைக்கவில்லை. கொழும்புக் காதுக்குப் பழகாத மலையக உச்சரிப்புக்காகப் புள்ளி வெட்டக்கூடாது என்ற விதி, பரீட்சகர் கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.