ஸ்டார் வார்ஸ் பார்க்காதவன் எஞ்சினியரே இல்லையாம்!

முதல்லயே சொல்லிடுறேன், படம் எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அதனால "பழைய படத்தைப் பழிக்க வந்துட்டான்யா"ன்னு கெளம்பி வர்ற ரசிக சிகாமணிகள் கொஞ்சம் பொறுங்க. எனக்குச் சண்டை படத்தோட இல்ல. உங்களோடதான்.

பொட்டி தட்டுற பொழப்புக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. மூணு டீம் மாறியாச்சு. மூணுலயும் ஏதாவது ஒரு சர்வருக்கு யோடான்னு பேரு இருந்துச்சு. கோட் ரிவ்யூல ஒருத்தர் ஜெடாய்ங்கிறார், இன்னொருத்தர் டார்க் சைடுங்கிறார். நான் பாட்டுக்கு ஆணி புடுங்கிட்டு இருப்பேன். எவனாவது கேட்டு, "பார்த்ததில்லைங்க"ன்னு வாய் தவறிச் சொல்லிட்டா முடிஞ்சது கதை. "என்னது, ஸ்டார் வார்ஸ் பார்த்ததில்லையா? நீயெல்லாம் என்ன எஞ்சினியர்?" புருவம் ரெண்டும் நெத்தியைத் தாண்டிப் போயிடும்.

அந்தக் கேள்வி படத்தைப் பத்தினது இல்லைங்க. உங்க வீட்ல டெக் இருந்துச்சா, அப்பா இங்கிலீஷ் படம் பார்க்கிற ஆளா, எந்த ஸ்கூல், எந்த ஊருன்னு நாலு கேள்வியை ஒண்ணா மடிச்சுக் கேக்குறது. கம்பத்துல இருந்து வந்தவனுக்கு நாலுக்கும் சேர்த்து ஒரே பதில்தான். அது கேக்குறவருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் கேக்குறாரு.

சரி, அப்படி என்னதான் இருக்குன்னு போன வாரம் 1977ல வந்த முதல் படத்தைப் பார்த்தேன். எந்த வரிசையில பார்க்கணும்ங்கிறதுக்கே ஆபீஸ்ல ஒரு பட்டிமன்றம். முதல்ல எடுத்தது நாலாவதாம், நாலாவதா எடுத்தது முதலாவதாம். இவிய்ங்க ப்ராஜெக்ட்ல வெர்ஷன் நம்பர் ஏன் அப்படி இருக்குன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது.

ஸ்டார் வார்ஸ்னதும் எல்லாரும் சொல்றது ஒளிவாள், கறுப்பு முகமூடி, விண்கப்பல். எனக்கு முதல்ல கண்ணுல பட்டது வெள்ளாமை. நெசமாத்தான். லூக்குன்னு ஒரு பய. அவனை வளர்க்கிறவர் மாமாவா சித்தப்பாவான்னு தெரியல, இங்கிலீஷ்காரனுக்கு ரெண்டும் அங்கிள்தானே, நான் சித்தப்பான்னே வச்சுக்கிட்டேன். அவரு பாலைவனத்துல காத்துல இருக்கிற ஈரத்தைப் பிடிச்சுத் தண்ணியாக்குற சம்சாரி. பய வெளியூர் போய்ப் படிக்கணும்ங்கிறான். கூடப் படிச்சவனெல்லாம் போயிட்டான். சித்தப்பா என்ன சொல்றாரு? இந்த ஒரு வெள்ளாமை முடியட்டும், அடுத்த வருஷம் போகலாம்ங்கிறாரு. இதே பேச்சை எங்க தெருவுலயே நாலு வீட்ல கேட்டிருக்கேன்.

1895ல பென்னிகுக் கட்டி முடிச்ச முல்லைப் பெரியாறு அணைத் தண்ணி மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா வந்துதான் எங்க பள்ளத்தாக்குல இருபோகம், 14,707 ஏக்கர். ஜூன் பொறந்தா தண்ணி தொறப்பாய்ங்களா மாட்டாய்ங்களான்னு வானத்தையும் பேப்பரையும் மாத்தி மாத்திப் பார்க்கிற ஊரு. அந்த ஊர்க்காரனுக்குத் தண்ணி விவசாயம் பண்ற சித்தப்பா எவ்வளவு பெரிய பாத்திரம்! ஆறு வருஷமா வாளோட கலரைப் பத்தி என்கிட்ட வகுப்பெடுத்த ஒருத்தர்கூட இந்தாளைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே. உங்க கண்ணுக்கு அவரு தெரியவே இல்லையா?

படத்துக்கும் அவரு பெருசாத் தெரியலங்கிறது அடுத்த விஷயம். சித்தப்பாவையும் சித்தியையும் வீட்டோட எரிச்சுடுறாய்ங்க. லூக் வந்து பார்க்கிறான். மூஞ்சி இறுகுது, கொஞ்ச நேரம் இசை, அவ்வளவுதான், கெளம்பிட்டான். அப்புறம் இளவரசி கண்ணு முன்னாடியே அவங்க கிரகத்தையே வெடிக்க வைக்கிறாய்ங்க. ஒரு ஊர் இல்லய்யா, ஒரு கிரகம். அப்பன், ஆத்தா, சொந்தம், சனம் எல்லாம் போச்சு. ஆனா கொஞ்ச நேரத்துல அந்தப் பொண்ணு என்ன பண்ணுது? நல்லாப் பழகி ரெண்டு நாள்கூட ஆகாத கிழவர் செத்துட்டாருன்னு உக்காந்திருக்கிற லூக்குக்குப் போர்வை போர்த்தி ஆறுதல் சொல்லுது! எழவு வீட்டுக்காரி, துட்டி கேக்க வந்தவனைத் தேத்துற கதையா இருக்கு.

நம்ம படத்துல அம்மா செத்து அஞ்சு நிமிஷம் அழுதா "ஒரே அழுகாச்சி, மெலோடிராமா"ன்னு எழுதுறீங்கள்ல, அதே ஆளுகதான் இந்த இடத்தை "என்னா வேகம் பாரு, என்னா எடிட்டிங்"குறீங்க. (எடிட்டிங்குக்கு ஆஸ்கர் குடுத்திருக்காய்ங்க, அதை நான் மறுக்கல.) செத்தவனுக்கு ரெண்டு சொட்டுக் கண்ணீர் விடுறது எப்பய்யா தப்பாச்சு?

இப்ப லாஜிக்குக்கு வருவோம். 2018ல டிக் டிக் டிக் வந்தப்ப எங்க ஆபீஸ் குரூப்ல நடந்த கும்மி இன்னும் ஞாபகம் இருக்கு. விண்வெளியில அது எப்படி, இது எப்படின்னு நியூட்டனுக்கே பாடம் எடுத்தாய்ங்க. நியாயம்தான், அந்தப் படத்துல ஓட்டை எக்கச்சக்கம். ஆனா அதே ஆளுக இங்க ஏன் வாயைத் திறக்கல? காத்தே இல்லாத வெட்டவெளியில ஒவ்வொரு கப்பலும் சத்தம் போட்டுக்கிட்டே பறக்குது. ஹான் சோலோ தன் கப்பல் எம்புட்டு வேகம்னு பெருமை பேசுறப்ப, ஒரு ஓட்டத்தை 12 பார்செக்குக்கும் கம்மியில முடிச்சேங்கிறார். பார்செக்ங்கிறது நேரம் இல்லைங்க, தூரம். கிட்டத்தட்ட 3.26 ஒளி ஆண்டு. "என் பைக் வேகம் தெரியுமா, கம்பத்துல இருந்து தேனிக்கு 40 கிலோமீட்டர்ல வந்துருச்சு"ன்னு சொல்ற மாதிரி.

இதைக் கேட்டா பதில் ரெடியா வச்சிருக்காய்ங்க. அவரு குறுக்கு வழியில புகுந்து போனாராம், அதனால தூரம் கொறைஞ்சுதாம். அதுக்குன்னே 2018ல சோலோ படத்துல ஒரு பெரிய காட்சி. சரி, கிரகத்தையே அழிக்கிற அம்மாம்பெரிய டெத் ஸ்டாருக்கு ரெண்டு மீட்டர் ஓட்டை ஒண்ணு, அதுல குண்டு போட்டா மொத்தமும் காலி, இது என்ன டிசைன்? அதுக்கும் பதில் இருக்கு. கட்டின எஞ்சினியரே வேணும்னு பலவீனம் வச்சுக் கட்டினாராம், 2016ல ரோக் ஒன்னுன்னு ஒரு முழுப் படம். 39 வருஷம் கழிச்சு ஒரு பேட்ச்! பக்கை எல்லாம் ஃபீச்சர்னு கிளையண்ட்கிட்ட சொல்ற கலையை நம்மாளுக எங்க கத்துக்கிட்டாய்ங்கன்னு இப்பத் தெரியுது. இதே கருணையில பத்துல ஒரு பங்கு நம்ம ஊர்ப் படத்துக்குக் காட்டினா என்ன கொறைஞ்சா போயிடுவீங்க?

ஒரு இடைச்செருகல். இவ்வளவு அறிவியல் தாகம் இருக்கிறவங்ககிட்ட, எங்க மாவட்டத்துல பொட்டிப்புரம்னு ஒரு ஊர் இருக்கே, அங்க போடி மேற்கு மலைக்குள்ள சுரங்கம் குடைஞ்சு 50,000 டன் இரும்புக் காந்தம் வச்சு நியூட்ரினோ ஆராயத் திட்டம் போட்டாங்களே, 2015ல மத்திய அரசு ஒப்புதல் குடுத்து, 2022ல அனுமதிக்க மாட்டோம்னு தமிழக அரசு சுப்ரீம் கோர்ட்ல சொல்லுச்சே, நியூட்ரினோன்னா என்னன்னு கேட்டுப் பார்த்தேன். வேணுமா வேணாமாங்கிறது தனிச் சண்டை, அதுக்குள்ள நான் போகல. என்னன்னாவது தெரியணும்ல? பார்செக் பஞ்சாயத்துல புலியா இருந்தவர் "ஏதோ அணுகுண்டு மாதிரியோ?"ன்னார். அவ்வ்வ்வ்.

உண்மை என்னன்னா, இது அறிவியல் படமே இல்ல. படம் தொடங்குறதே முன்னொரு காலத்துலன்னு பாட்டி கதை மாதிரிதான். ராஜகுமாரி, கோட்டையில சிறை, கெட்ட மந்திரவாதி, நல்ல முனிவர், வாள். எடுத்த ஜார்ஜ் லூகாஸே ஃப்ளாஷ் கார்டன் தொடர்களையும், அகிரா குரோசவா 1958ல எடுத்த ராஜா ராணிப் படத்தையும் பார்த்துத்தான் இதைப் பண்ணினேன்னு ஒளிக்காம சொல்லியிருக்காரு. குரோசவா படத்துல சண்டை போட்டுக்கிட்டே திரியிற ரெண்டு குடியானவங்கதான் இங்க ரெண்டு ரோபோ. நெட்டையா ஒண்ணு, குட்டையா ஒண்ணு, நெட்டை திட்டிக்கிட்டே குட்டையை எட்டி உதைக்குது. இதைப் பார்த்ததும் எனக்குக் கவுண்டமணி செந்தில் ஞாபகம் வந்துச்சு. சொன்னேன். "ப்ளீஸ், கம்பேர் பண்ணாத"ன்னார் ஒருத்தர். ஏன் பண்ணக் கூடாது? ஜப்பான்காரனோட ஒப்பிட்டா ஆய்வு, உடுமலைப்பேட்டைக்காரரோட ஒப்பிட்டா பட்டிக்காடா?

கலையரசி தெரியுமா? 1963. காசிலிங்கம் இயக்கம், எம்.ஜி.ஆர், பானுமதி. வேற கிரகத்துக்காரன் வந்து பானுமதியைக் கடத்திட்டுப் போறான். எதுக்கு? அந்த கிரகத்துல விஞ்ஞானம் இருக்கு, பாட்டு இல்ல. பாட்டுச் சொல்லிக் குடுக்க ஆள் வேணும். செட்டு அட்டைதான், ஒத்துக்கிறேன். ஆனா ஸ்டார் வார்ஸுக்கு 14 வருஷம் முன்னாடி இப்படி ஒரு காரணத்தை யோசிச்சிருக்காய்ங்க. டெத் ஸ்டார் கட்டினவனுக்கு அந்த கிரகத்துக்காரனோட புத்தியில பாதிகூட இல்ல.

1977ங்கிற வருஷமே எங்க ஊருக்கு வேற. அல்லிநகரத்துக்காரர் பாரதிராஜா 16 வயதினிலேயோட வந்த வருஷம் அது. மே மாசம் அங்க ஸ்டார் வார்ஸ், செப்டம்பர்ல இங்க 16 வயதினிலே. ரெண்டு பேருமே ஸ்டூடியோ சுவத்தைத் தாண்டிப் போயிட்டாங்க. லூகாஸ் தன் பாலைவன கிரகத்துக்கு துனிசியா போனார், இவரு தன் கிராமத்துக்கு கொள்ளேகால் பக்கம் போனார். அங்க ஜான் வில்லியம்ஸுக்கு லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசிச்சது. இங்க இசை, முந்தின வருஷம்தான் அன்னக்கிளியில அறிமுகமான பண்ணைப்புரத்துக்காரர். அவரும் 2025 மார்ச் 8ல லண்டன்லயே தன் சிம்பொனியை மேடையேத்திட்டாரு. இதெல்லாம் தெரியாதவரைப் பார்த்து நான் புருவத்தைத் தூக்கலாமா? தூக்கினா அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம். விடுங்க.

எனக்குப் பிடிச்ச விஷயத்தையும் சொல்லிடணும். சத்தம். எதிரிக் கப்பல் அலறிக்கிட்டே போகுதே, அது யானை பிளிறலையும் ஈர ரோட்டுல கார் போற சத்தத்தையும் கலந்து பென் பர்ட் பண்ணினது. 2023 மே மாசம் அரிக்கொம்பன் கம்பம் டவுனுக்குள்ள புகுந்தப்ப ஊரே கதவைச் சாத்திக்கிட்டுக் கெடந்துச்சு. அந்த ஊர்க்காரனுக்கு இந்தச் சத்தத்துல முதுகுத்தண்டு சில்லுன்னுதான் ஆகும். ஒளிவாளோட உறுமல் இருக்கே, அதுல பழைய சினிமா புரொஜெக்டர் மோட்டாரோட இரைச்சல் கலந்திருக்கு. டூரிங் டாக்கீஸ்ல ஆபரேட்டர் ரூமுக்குப் பக்கத்துல உக்காந்து படம் பார்த்த எங்க பெருசுகளுக்குக் காதுல பழகின சத்தம் அது. அவங்களை எவன் கேக்கப் போறான், நீங்க ஸ்டார் வார்ஸ் பார்த்ததில்லையான்னு.

கடைசி சீன் மெடல் குடுக்கிறது. லூக்குக்கு ஒண்ணு, ஹானுக்கு ஒண்ணு. கூடவே கப்பல் ஓட்டி, கூடவே சண்டை போட்டு, மேடை வரைக்கும் கூடவே நடந்து வந்த சூபாக்காவுக்கு ஒண்ணும் கிடையாது. ஓரமா நின்னு ஒரு சத்தம் குடுக்கிறதோட சரி. அப்ரைசல் முடிஞ்ச சாயங்காலம் எங்க ஃப்ளோர்ல நிறைய சூபாக்காவைப் பார்த்திருக்கேன். 2019ல வந்த படத்துலதான் அவனுக்கு ஒரு மெடல் கைக்கு வருதாம். 42 வருஷம்!

டிஸ்கி: ரெண்டாவது படம் இந்த சனிக்கிழமை. யாரு யாருக்கு அப்பான்னு பின்னூட்டத்துல சொல்ல வேணாம். ஆபீஸ்ல மூணு பேர் ஏற்கனவே சொல்லிட்டாய்ங்க.