குடல் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின் மனச்சோர்வு: கேட்கப்படாத கேள்வி

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை பெற்றோரிடம் தோன்றும் மனச்சோர்வு எளிதில் கண்டறியப்படுவதில்லை. களைப்பு, பசியின்மை, உறக்கமின்மை ஆகியவை அறுவை சிகிச்சையாலும் கீமோதெரபியாலும் ஏற்படக்கூடும் என்பதே காரணம்.

எனவே மனம் சார்ந்த அறிகுறிகளையும் கேட்டறிய வேண்டும். எதிலும் நாட்டமின்மை, நம்பிக்கையிழப்பு, குடும்பத்திற்குச் சுமையாகிவிட்டோம் என்னும் எண்ணம் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு நீடித்தால் மருத்துவரிடம் தெரிவிக்கவும். தற்கொலை எண்ணம் தோன்றினால் காத்திருக்கலாகாது. உடனே உதவி பெற வேண்டும். வயிற்றில் மலப்பை பொருத்தப்பட்டோர் கசிவுக்கு அஞ்சி வெளியே செல்வதைத் தவிர்ப்பதுண்டு. அவர்களுக்குப் பையைப் பராமரிக்கும் பயிற்சியும் மனநலப் பாதுகாப்பே.

2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையில், 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் ஆலோசனை பெறலாம். எனினும், தொடர் பரிசோதனைகளில் மனநிலை குறித்தும் வினவப்பட்டால்தான் இவ்வுதவி உரியவரைச் சென்றடையும்.