அத்தையின் கையை யாரும் பார்க்கவில்லை

முதல் செமஸ்டர் இன்ஜினியரிங் ஃபிசிக்ஸ்ல சிஓ2 லேசர் டயகிராம் போடாதவங்க நம்ம காலேஜ்ல யாரும் இருக்க மாட்டாங்க. ஒரு பக்கம் நைட்ரஜன், இன்னொரு பக்கம் கார்பன் டை ஆக்சைடு, நடுவுல அம்புக்குறிகள், கீழே 10.6 மைக்ரோமீட்டர். 'பயன்கள்' என்ற தலைப்பில் வெல்டிங், கட்டிங் எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் 'மெடிக்கல்' என்று ஒரே ஒரு வார்த்தை போட்டேன். 13 மார்க் கேள்வி முடிந்தது. அந்த ஒரு வார்த்தைக்குள்ளே என் அத்தை வந்து உட்காருவாங்கன்னு அப்போ தெரியாது.

அத்தை பழவேற்காட்டுப் பக்கம் ஒரு குப்பத்தில் இருக்காங்க. மாமா பாடு வர்ற நாளில் ஏரியில் வலை போடுவார். அத்தை இறாலையும் நண்டையும் கூடையில் வச்சு பஸ் பிடிச்சு பொன்னேரி மார்க்கெட்டுக்கு வருவாங்க. அவங்க கன்னத்திலும் கழுத்திலும் கடுகு தூவின மாதிரி கருப்புக் கருப்பா மரு. பாட்டிக்கும் அப்படித்தான் இருந்தது, என் அப்பாவுக்கும் இருக்கு. கையில் வேறு மாதிரி. விரல் ஓரத்திலும் நகத்துக்குப் பக்கத்திலும் சொரசொரன்னு நாலைந்து பாலுண்ணி.

வீட்டு வைத்தியம் எல்லாம் முன்னாடியே பார்த்தாச்சு. சுண்ணாம்பையும் சலவை சோடாவையும் குழைச்சு கழுத்தில் வச்சதில் தோல் வெந்து, ஒரு குழி இன்னும் இருக்கு. தலைமுடி கட்டிப் பார்த்தாங்க. வைத்தீஸ்வரன் கோவில் குளத்தில் வெல்லமும் கரைச்சாங்க. (இந்த லிஸ்ட்ல தழும்பு வராத ஒரே வைத்தியம் கோயில்தான், அதையும் சொல்லணும்.)

போன வருஷம் அத்தை பொண்ணுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒரு அம்மா, அத்தை முகத்தைப் பார்த்துட்டு, "பொண்ணுக்கும் பின்னாடி இப்படி வருமா?"ன்னு கேட்டுட்டாங்க. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க. அன்னைக்கு எடுத்த எந்த போட்டோவிலும் அத்தை நேரா நிற்கவில்லை. முந்தானை கன்னத்திலேயே இருந்தது.

அடுத்த மாசம் சீட்டு எடுத்தாங்க. போன்ல வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்து, பொண்ணைக் கூட்டிக்கிட்டு சென்னையில் ஒரு கிளினிக்குக்குப் போனாங்க. ஒரு மருவுக்கு 300 ரூபாய், 22 மரு, 6,600 ரூபாய். பில்லில் 'லேசர்' என்றுதான் இருந்தது. மரத்துப்போற க்ரீம் தடவி, கொஞ்ச நேரம் உட்கார வச்சு, எல்லாத்தையும் ஒரே நாளில் எடுத்துட்டாங்க. பத்து நாள் வெயில் படக்கூடாது, தண்ணி படக்கூடாது, சன் ஸ்க்ரீன் போடணும் என்று ஒரு சீட்டும் கொடுத்தாங்க. அதுவும் இங்கிலீஷ்ல.

மூணாவது நாள் அத்தை மார்க்கெட்டில் உட்கார்ந்திருந்தாங்க. உட்காரலைன்னா அன்னைக்கு யார் சம்பாதிக்கிறது? பொருக்கு உதிர்ந்த பிறகு, மரு இருந்த ஒவ்வொரு இடத்திலும் முன்னைவிடப் பெரிய கருப்பு வட்டம். "மரு போச்சுடா, அதோட நிழல் அப்படியே நிக்குது"ன்னாங்க. அப்புறம் என்னைப் பார்த்து, "நீ படிக்கிற புள்ளதானே, லேசர்னா இன்னான்னு உனக்குத் தெரியுமில்ல?"

எனக்கு டயகிராம் மட்டும்தான் தெரியும். அன்னைக்கு ராத்திரிதான் உண்மையிலேயே படிச்சேன்.

சிஓ2 லேசரை 1964-ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் செய்து காட்டியவர் குமார் படேல். பாராமதியில் பிறந்து, புனே இன்ஜினியரிங் காலேஜில் படிச்சவர். நம்ம சிலபஸில் அவர் பெயரை யாரும் சொல்லித் தந்ததாக எனக்கு நினைவில்லை. அந்த லேசரின் அலைநீளத்தைத் தண்ணீர் பிரமாதமாக உறிஞ்சும். நம் தோலில் பெரும்பகுதி தண்ணீர்தானே. கதிர் பட்ட இடத்தில் அந்தத் தண்ணீர் நொடிக்குள் ஆவியாகி, திசுவையும் கொண்டுபோய்விடும். கதிர் உறிஞ்சப்படும் ஆழம் ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அதனால்தான் அடுக்கு அடுக்காகச் சீவ முடிகிறது. கதிர் கண்ணுக்குத் தெரியாது என்பதால், குறி பார்க்க சிவப்பு வெளிச்சம் ஒன்றைக் கூடவே அனுப்புவார்கள். முக்கியமான விஷயம்: கதிர்தான் வேலை செய்கிறது, கருவியின் முனை தோலைத் தொட்டுச் சுட வேண்டிய அவசியம் இல்லை.

அத்தையிடம் திரும்பக் கேட்டேன். "ஊசி மாதிரி ஒரு முனை வச்சாங்க, தொட்டா சுருக்குன்னு பொறி பறந்தது"ன்னாங்க. அது லேசரே இல்லை மக்களே. மின்சாரத்தால் சுடும் காட்டரி. காட்டரி ஒண்ணும் மட்டமான வைத்தியம் இல்லை, நல்ல டாக்டர் கையில் சின்ன மருவுக்கு அதுவே போதும். ஆனால் அதைச் செய்துவிட்டு லேசர் என்று பில் போடுவதற்கு என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்க.

கருப்பு வட்டத்துக்கு காரணம் மெஷின் மட்டும் இல்லை. நம்ம மாதிரி மாநிறத் தோல், சூடு பட்டால் மெலனினை அதிகமாகச் சுரந்து பதில் சொல்லும். அதன்மேல் வெயிலும் பட்டால் கேட்கவே வேண்டாம். நிஜ லேசர் வச்சிருந்தாலும் இந்த ஆபத்து உண்டு. அதனால்தான் கவனமாகச் செய்பவர்கள் முதலில் ஓரமாக ஒன்றிரண்டை மட்டும் எடுத்து, ஆறுவது எப்படி என்று பார்த்துவிட்டு மற்றதைத் தொடுவார்கள். 22-ஐயும் ஒரே நாளில் எடுப்பது வியாபாரம்.

கடைசியில் ஒரு அரசு ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போனேன். காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்று பத்தரைக்கு உள்ளே போனோம். டாக்டரம்மா முகத்தை அரை நிமிஷம் பார்த்தாங்க. "இது குடும்பத்தில் வர்றது, ஒண்ணும் பண்ணாது, யாருக்கும் ஒட்டாது. டெர்மட்டோசிஸ் பாப்புலோசா நைக்ரான்னு பேர்." அப்புறம், "என்ன வேலை பண்றீங்க?"ன்னு கேட்டாங்க. மீன் விற்கிறேன் என்றதும், "கையைக் காட்டுங்க."

அந்தக் கிளினிக்கில் யாரும் கேட்காத கேள்வி அது. விரலில் இருந்தது வைரஸ் மரு. ஹெச்பிவி குடும்பத்து வைரஸ், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவும். மீனும் இறைச்சியும் கையாளுபவர்களுக்குக் கையில் மரு அதிகம் வரும் என்பது மருத்துவத்தில் பழைய செய்தி. கை எப்போதும் ஐஸிலும் ஈரத்திலும் ஊறுகிறது, இறால் முள் குத்துகிறது, வைரஸுக்கு வழி கிடைக்கிறது. ஆக, எடுக்கத் தேவையே இல்லாததற்கு 6,600 ரூபாய். எடுக்க வேண்டியதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போ மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் வச்சு உறைய வைக்கிறாங்க. பல சிட்டிங் ஆகும், திரும்பவும் வரலாம் என்று முன்னாடியே சொல்லிட்டாங்க.

ஹாஸ்டலில் இதைச் சொன்னப்போ ஒருத்தன், "இந்த வயசுல அத்தைக்கு எதுக்குடா அழகு?"ன்னான். முடிக்கு மாசம் 800 ரூபாய்க்கு சீரம் வாங்குறவன் அவன். முகத்தில் இருப்பதை எடுக்க ஆசைப்பட்டது தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். ஒரு கேள்வியால் ஒரு மனுஷி போட்டோவில் முகத்தை மூடினா, அது அவங்களுக்கு நிஜமான வலி. என் சண்டை வேறு. எடுப்பதற்கு முன்னாடி அது என்ன என்று தெரிந்த ஒருவர் பார்த்தே ஆகணும். லேசரில் ஆவியாக்கினால் லேபுக்கு அனுப்ப எதுவும் மிஞ்சாது. வேகமாக வளர்கிறது, நிறம் மாறுகிறது, ரத்தம் கசிகிறது, புண் ஆறவில்லை என்றால் அதைச் சுடக்கூடாது, வெட்டிப் பரிசோதிக்கணும். வாழ்நாள் முழுக்க வெயிலில் நிற்கிற ஊரில் இதை லேசாக விட முடியாது. வைரஸ் மருவை லேசரால் எடுத்தாலும், வர்ற புகையில் வைரஸின் டிஎன்ஏ இருக்கலாம் என்று 1988-லேயே ஆய்வு வந்துவிட்டது. புகை உறிஞ்சியும் மாஸ்க்கும் இல்லாத அறை மருவை எடுக்கிற இடமே இல்லை.

அப்புறம் அந்த இங்கிலீஷ் சீட்டு. பத்து நாள் வெயில் படக்கூடாது என்பது ஏசி ஆபீஸில் வேலை செய்பவர்களை மனசில் வச்சு எழுதினது. குப்பத்துக்காரர்களுக்கு எழுதினா எப்படி இருக்கும்? ஐப்பசி, கார்த்திகையில் வாங்க, புயல் எச்சரிக்கையில் எப்படியும் வேலை குறையும். ஒரு தடவைக்கு நாலு மட்டும் எடுப்போம். தலையில் துண்டும் தொப்பியும் போடுங்க. இதையெல்லாம் சொல்ல நோயாளியின் வேலை என்ன என்று கேட்டாலே போதும்.

பழவேற்காட்டில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கு. திருவள்ளூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியே திறந்தாச்சு. மாசத்துக்கு ஒரு நாள் ஒரு தோல் டாக்டர் ஏரிக்கரைக்கு வந்தால் என்ன? டாக்டர் வர முடியாத மாசத்துக்கு இ-சஞ்சீவனி இருக்கு, வீடியோவில் காட்டலாம். நம்ம என்எஸ்எஸ் வருஷா வருஷம் கண் முகாமும் ரத்ததான முகாமும் நடத்துது. இந்த வருஷம் ஒரு தோல் முகாமை அங்கே வைப்போம் என்று ஒருங்கிணைப்பாளர் சாரிடம் எழுதிக் கொடுத்திருக்கேன். இன்னும் பதில் வரலை.

அத்தைக்கு அடுத்த வாரம் மூணாவது சிட்டிங். தை மாசம் கல்யாணம். கன்னத்து வட்டங்கள் கொஞ்சம் மங்கியிருக்கு. கைக்கு கிளவுஸ் வாங்கிக் கொடுத்தேன், இறால் முள் குத்தி ரெண்டே நாளில் கிழிஞ்சுபோச்சு. முள் ஏறாத, ஆனா காசு எண்ண முடியற மாதிரி கிளவுஸ் எங்கே கிடைக்கும்னு தெரிஞ்சவங்க, மூணாவது மாடி லேபுக்கு வந்து சொல்லுங்க. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் அங்கேதான் இருப்பேன்.